மேடையே தொழில்: கிளாரா ஷூமானின் அறுபது ஆண்டுகள்

(இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலை அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யூரோ வருவதற்கு முன்பு ஜெர்மனியில் புழங்கிய நூறு மார்க் நோட்டை உங்களில் யாராவது கையில் வாங்கியிருந்தால், நான் இன்று பேசப்போகிறவரின் முகம் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். முன்பக்கம் ஒரு பெண். பின்பக்கம் ஒரு பெரிய பியானோ. அவர்தான் கிளாரா ஷூமான். இசை தெரிந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே இரண்டு பதில்கள் வரும். ஒன்று, இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் மனைவி. இன்னொன்று, பிராம்ஸ் மனம் பறிகொடுத்த பெண்மணி. இரண்டுமே பொய்யில்லை. ஆனால் அந்த அம்மையாரிடம் போய், நீங்கள் யார் என்று கேட்டிருந்தால் இந்த இரண்டையும் முதலில் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

ஏன் சந்தேகம் என்றால், அவர் விட்டுப்போனவற்றில் ஒரு பெரிய கட்டு இருக்கிறது. 1828 முதல் 1891 வரை, தான் வாசித்த கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். 1,300க்கும் மேற்பட்ட தாள்கள். ஸ்விக்காவ் நகரத்து ஷூமான் இல்லத்தில் அவை இருக்கின்றன. ஒன்பது வயதில் தொடங்கி எழுபத்தொரு வயது வரை ஒருவர் இப்படித் தன் வேலையின் ரசீதுகளைப் பாதுகாத்திருக்கிறார் என்றால், அவர் தன்னை என்னவாக நினைத்தார் என்பது தெளிவாகவே தெரிகிறது. தொழில்முறைக் கலைஞர். இன்றைக்கு நான் அந்தத் தாள்களின் பக்கம் நின்றுதான் பேசப்போகிறேன்.

1819 செப்டம்பர் 13, லைப்ஸிக். அப்பா ஃபிரீட்ரிக் வீக், பியானோ ஆசிரியர். பியானோ விற்பனை, வாடகை என்று வியாபாரமும் உண்டு. அம்மா மரியானே, பாடகி. லைப்ஸிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் பாடியவர். கணவரோடு ஒத்துப்போகாமல் 1824இல் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைய சாக்சனியின் சட்டம் பிள்ளைகளை அப்பாவின் உடைமையாகவே கருதியது. ஐந்து வயது முடிந்ததும் கிளாராவை அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். குழந்தை நாலு வயதுக்கு மேலாகியும் சரியாகப் பேசவில்லை. காது மந்தமோ என்றுகூட வீட்டில் சந்தேகம். பேச்சு வருவதற்கு முன்பே விரல் பியானோவில் ஓடத் தொடங்கிவிட்டது.

வீக் மோசமான மனிதர் என்று எழுதுவது வழக்கம். மகள் விஷயத்தில் அவர் பிறகு நடந்துகொண்ட முறை மோசம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆசிரியராக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்துக் குறிப்பைப் பார்த்து வாசிக்கப் பழக்கும் முன்பு, சின்னச் சின்ன உருப்படிகளைக் காதால் கேட்டுப் பழகவைத்தார். தினமும் ஒரு மணி நேரம் பாடம், சில மணி நேரம் சாதகம், அதற்குச் சமமாக வெளிக்காற்றில் நீண்ட நடை. ஓபரா பார்க்க அழைத்துப் போனார். வயலின், வாய்ப்பாட்டு, ஒத்திசை இலக்கணம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆசிரியர்கள். விரலை மட்டும் வளர்த்து மற்றதைப் பட்டினி போட்ட ஆள் அல்ல அவர்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. கிளாராவுக்கு ஏழு வயதாகும்போது அவர் பெயரில் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கிவைத்தார். தொடக்க ஆண்டுகளில் அதை எழுதியது பெரும்பாலும் அப்பாதான். அதுவும் எப்படி? ‘நான்’ என்று மகளின் குரலில். மகள் செய்த தவறு, அதற்கு அப்பா சொன்ன புத்தி, கச்சேரியில் வந்த வசூல் எல்லாம் அதில் உண்டு. பிறகு மகளே எழுதத் தொடங்கியபோதும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க அப்பா இருந்தார். தன் மனதில் என்ன ஓடுகிறது என்பதை இன்னொருவர் எழுதிக் கொடுத்துப் படித்து வளர்ந்த பெண் இவர். இருபது வயதில் இவர் காட்டிய பிடிவாதத்தை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

1828 அக்டோபர் 20ஆம் தேதி கெவாண்ட்ஹவுஸில் இன்னொருவரோடு சேர்ந்து நான்கு கைகளுக்கான உருப்படி ஒன்றை வாசித்ததுதான் முதல் மேடை. 1830 நவம்பர் 8இல் அதே அரங்கில் சொந்தக் கச்சேரி. அடுத்த ஆண்டே அப்பாவும் மகளும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். வைமாரில் முதிய கவிஞர் கெதே சிறுமியின் வாசிப்பைக் கேட்டுத் தன் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றைப் பரிசளித்தார். பாரிஸில் 1832 வசந்தத்தில் காலரா பரவி, காசுள்ளவர்கள் நகரத்தை விட்டு ஓட, சிறிய அறையில் கொஞ்சம் பேருக்கு முன்னால் வாசித்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் கச்சேரி ஏற்பாடு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றிருப்பது போல ஏஜென்டுகள் கிடையாது. சபா போன்ற அமைப்பு எல்லா ஊரிலும் கிடையாது. குதிரை வண்டியில் ஊருக்குள் வந்து இறங்கியதும் அறிமுகக் கடிதங்களோடு பெரிய மனிதர்களின் வீடு வீடாக ஏற வேண்டும். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இலவசமாக வாசித்துக் காட்ட வேண்டும். அதில் பெயர் கிடைத்தால்தான் பொதுக் கச்சேரி. அப்புறம் அரங்கு பிடிக்க வேண்டும், உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி வாங்க வேண்டும், விளம்பரம் அச்சிட வேண்டும், டிக்கெட் விற்க ஆள் வைக்க வேண்டும், மெழுகுவத்திக்குச் செலவு செய்ய வேண்டும். நல்ல பியானோ ஒன்றை யாரிடமாவது இரவல் பெற வேண்டும், அதன் சுருதியைச் சரி பார்க்க வேண்டும். வீக் இத்தனையும் செய்தார். மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தார்.

1835 நவம்பர் 9இல் பதினாறு வயதுக் கிளாரா தானே இயற்றிய பியானோ கான்செர்ட்டோவை லைப்ஸிக்கில் வாசித்தார். வாத்தியக் குழுவை நடத்தியவர் மெண்டல்ஸோன். இரண்டு ஆண்டு கழித்து வியன்னா. அங்கே நடந்தது கிட்டத்தட்ட ஒரு பித்து. பிரபல நாடகாசிரியர் கிரில்பார்ட்ஸர் இவர் வாசித்த பீத்தோவன் சொனாட்டாவைப் பற்றிக் கவிதை எழுதினார். உணவு விடுதிகளில் இவர் பெயரில் கேக் போட்டு விற்றார்கள். 1838 மார்ச்சில் ஆஸ்திரியப் பேரரசர் ‘அரசவை இசைக் கலைஞர்’ பட்டம் கொடுத்தார். வெளிநாட்டுப் பெண், கத்தோலிக்கர் அல்லாதவர், வயது பதினெட்டு. இந்த மூன்றில் ஒன்றே போதும், பட்டத்தை மறுப்பதற்கு.

காதல் கதையை வேகமாகக் கடந்துவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ராபர்ட் ஷூமான் வீக்கிடம் பாடம் கற்க வந்து அந்த வீட்டிலேயே தங்கியவர். 1837இல் இருவரும் நிச்சயம் செய்துகொண்டார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது. வருங்கால மாப்பிள்ளையைக் குடிகாரர் என்று எழுதிக் கொடுத்தார் வீக். 1840 ஆகஸ்டில் தீர்ப்பு காதலர்கள் பக்கம் வந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி, கிளாராவுக்கு இருபத்தொன்று முடிவதற்கு முந்தைய நாள், லைப்ஸிக்கை அடுத்த ஷோனஃபெல்ட் கிராமத்துத் தேவாலயத்தில் கல்யாணம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. 1839 தொடக்கத்தில் அப்பா பாரிஸ் பயணத்துக்கு உடன் வர மறுத்துவிட்டார். தான் இல்லாமல் மகள் திண்டாடித் திரும்பி வருவாள் என்பது கணக்கு. பத்தொன்பது வயதுப் பெண், அறிமுகமில்லாத ஒரு துணைப் பெண்மணியை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அரங்கு, டிக்கெட், பியானோ எல்லாவற்றையும் தானே பேசி முடித்துக் கச்சேரி செய்தார். தகப்பனின் கணக்கு அன்றே பொய்த்துப்போனது. என்னைக் கேட்டால் தீர்ப்பு வந்தது 1840இல் அல்ல, 1839இல் பாரிஸில்.

கல்யாணத்துக்குப் பிறகு பதினான்கு ஆண்டுகளில் எட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு பையன் குழந்தையாகவே போய்விட்டான். வீட்டில் சுவர்கள் மெல்லியவை. ராபர்ட் எழுத உட்கார்ந்தால் கிளாரா பியானோவைத் தொட முடியாது. சாதகம் விட்டுப்போகிறதே என்ற தவிப்பு, இருவரும் சேர்ந்து எழுதிய கல்யாண நாட்குறிப்பிலேயே வந்துவிட்டது. 1844இல் ரஷ்யப் பயணம். பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் கச்சேரிகள், அரண்மனையில் வாசிப்பு, நல்ல வருமானம். கூடப் போன ராபர்ட் வழியெல்லாம் உடல்நலமில்லாமல் சோர்ந்திருந்தார். வீட்டுக்குப் பணம் வேண்டும் என்றால் கிளாரா மேடை ஏற வேண்டும். ஏறினால் கணவருக்கு மனத்தாங்கல். இந்தச் சிக்கல் கடைசி வரை தீரவில்லை.

1849 மே மாதம், அவர்கள் அப்போது குடியிருந்த டிரெஸ்டனில் கலகம். தெருவில் தடுப்பரண், துப்பாக்கிச் சூடு. கிளர்ச்சிப் படைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் ராபர்ட்டைத் தேடினார்கள். மூத்த மகளை மட்டும் அழைத்துக்கொண்டு தம்பதியர் பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டன. இரண்டு நாள் கழித்து விடியும் முன், வயல்வெளி வழியே நடந்து ஊருக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி உடுத்திக் கூட்டிவந்தவர் கிளாரா. அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி.

டூஸல்டார்ஃபுக்குக் குடிபோன பிறகு, அங்கே மாறிய இன்னொரு வீட்டில்தான் கணவரைத் தொந்தரவு செய்யாமல் வாசிக்கும்படி அவருக்குத் தனியறை அமைந்தது. ஒரு கதவும் கொஞ்சம் தூரமும், அவ்வளவுதான். 1853 கோடையில் மளமளவென்று எழுதினார். பியானோவுக்கு வேறுபாட்டுருக்கள், பியானோவுக்கு மூன்று ரொமான்ஸ்கள், வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்க இன்னும் மூன்று, போதாதென்று பாடல்கள். வயலின் உருப்படிகளை இளம் வயலின் கலைஞர் யோவாகிமுக்குக் காணிக்கையாக்கினார். இலையுதிர் காலத்தில் பிராம்ஸ் என்ற இருபது வயதுப் பையன் வந்து கதவைத் தட்டினான்.

1854 பிப்ரவரி 27. மனநிலை கலங்கிய ராபர்ட் வீட்டை விட்டு வெளியேறி ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி, பான் நகரை ஒட்டிய எண்டெனிஷ் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பார்க்க வரக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். ஜூனில் கடைசிப் பையன் ஃபெலிக்ஸ் பிறந்தான். கிளாரா தன் கணவரை மறுபடி பார்த்தது இரண்டரை ஆண்டு கழித்து, அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 1856 ஜூலையில்.

நண்பர்கள் உதவிக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டித் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அக்டோபரில், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் இதே முறைதான். இலையுதிர் காலத்தில் பயணம் தொடங்கும், வசந்தத்தில் முடியும். பின்னாளில் கோடையில் பாடன்-பாடனை அடுத்த லிஷ்டென்டால் வீட்டில் பிள்ளைகள் ஒன்றுகூடுவார்கள். மற்ற மாதங்களில் ஒரு பிள்ளை விடுதிப் பள்ளியில், ஒரு பிள்ளை உறவினர் வீட்டில். எல்லோருக்கும் கட்டணம் கச்சேரிப் பணத்திலிருந்து. இங்கிலாந்துக்கு மட்டும் பத்தொன்பது முறை போயிருக்கிறார். அம்மாவை இப்படிக் கடிதத்திலும் ரயில் நிலையத்திலும் பார்த்து வளர்ந்த மகள் யூஜெனி, பிற்காலத்தில் தன் நினைவுகளை அன்போடுதான் எழுதினார். மகன்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார்களோ, சொல்வதற்கில்லை. லுட்விக் மனநலக் காப்பகத்தில் முடிந்தான். ஃபெர்டினாண்ட் வலி மருந்தான மார்ஃபினுக்கு அடிமையாகி இறந்தான். அவன் பிள்ளைகளையும் பாட்டிதான் தாங்கினார். ஃபெலிக்ஸ் காசநோயில் இருபத்துநான்கு வயதில் போய்விட்டான்.

பிராம்ஸ் விஷயம்? ஆழ்ந்த நேசம், நாற்பத்து மூன்று ஆண்டுக்கால நட்பு. இருவரும் முதுமையில் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு பலவற்றை அழித்துவிட்டார்கள். அவர்களே மூடிய கதவு அது. ஆனால் நிகழ்ச்சி நிரல்களில் ஒன்று தெரியும். பிராம்ஸ் யாரென்றே ஊருக்குத் தெரியாத 1854இல் அவருடைய சொனாட்டாவிலிருந்து பகுதிகளை மேடையில் வாசித்தவர் கிளாரா. ஹாண்டல் கருப்பொருள் மீது பிராம்ஸ் எழுதிய பெரிய வேறுபாட்டுருக்களை 1861 டிசம்பரில் ஹாம்பர்க்கில் முதலில் அரங்கேற்றியவரும் அவரே. காதலைவிட இது ஒரு இசையமைப்பாளருக்குப் பெரிய உபகாரம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்தத் தாள்களுக்கு வருவோம். 1830களின் நிரலைப் பாருங்கள். ஹெர்ட்ஸ், பிக்ஸிஸ், ஹென்ஸெல்ட். விரல் வித்தை காட்டும் உருப்படிகள். நடுவே பாட்டு, வாத்தியக் குழு, சொந்த இயற்றல் கொஞ்சம். 1850களுக்குப் பிறகு பாருங்கள். பாஹ், பீத்தோவன், ஷோபான், மெண்டல்ஸோன், ஷூமான். சர்க்கஸ் மறைந்துவிட்டது. முழுச் சொனாட்டா நிற்கிறது. நாம் இன்று உலகத்தின் எந்த நகரத்தில் பியானோ கச்சேரிக்குப் போனாலும் பார்க்கிற நிரலின் எலும்புக்கூடு இதுதான். இதை அவர் ஒருவரே செய்தார் என்று சொல்ல மாட்டேன். லிஸ்ட் தனிக் கச்சேரி என்ற பழக்கத்தையே பரப்பியவர். ஆனால் ரசிகர்களை அசத்துவதை விட்டுவிட்டு உருப்படிக்குள் கூட்டிப்போகும் பழக்கத்தை, அறுபது ஆண்டுகள் விடாமல் ஊர் ஊராக நட்டவர் இந்த அம்மையார்.

மனப்பாடமாக வாசிப்பதும் அப்படித்தான். இன்று தாள் வைத்து வாசித்தால் முகம் சுளிக்கிறோம். 1837இல் பெர்லினில் இவர் தாள் இல்லாமல் பீத்தோவன் வாசித்தபோது, எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் இதென்ன அகம்பாவம் என்று எரிச்சல்பட்டாராம்.

இன்னொரு பழக்கம் நம் காதுக்கு மிக நெருக்கமானது. இரண்டு உருப்படிகளுக்கு நடுவே மௌனம் விடாமல், அடுத்ததன் சுரத்துக்கு ஏற்பக் கற்பனையாகக் கொஞ்சம் வாசித்து வழி அமைப்பார். கீர்த்தனைக்கு முன்னால் வித்வான் ராகத்தைக் கோடி காட்டுவாரே, அதற்கு இணையானது. மகள்கள் வற்புறுத்தியதால் 1895இல் சிலவற்றை எழுதி வைத்தார். எழுதிப் பார்க்கும்போது கையில் வரும்போது இருந்தது வரவில்லை என்ற குறை அவருக்கு. இது நமக்கு விளங்காததல்ல.

எல்லாவற்றையும் புகழ நான் வரவில்லை. லிஸ்டை இளமையில் வியந்தவர், பிறகு வெறுத்தார். லிஸ்ட் தன் பி மைனர் சொனாட்டாவை ராபர்ட்டுக்குக் காணிக்கையாக்கி அனுப்பினார். பிராம்ஸ் அதை வாசித்துக் காட்டியபோது கிளாராவுக்கு அது வெறும் இரைச்சலாகப் பட்டது. வாக்னர் காதில் ஏறவேயில்லை. பழமைவாதிதான், ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட என்னை வருத்துவது ஒன்று. கணவரின் படைப்புகள் முழுவதையும் 1881 முதல் பதிப்பித்தவர், ராபர்ட் கடைசிக் காலத்தில் செல்லோவுக்காக எழுதிய ஐந்து ரொமான்ஸ்களை 1893இல் எரித்துவிட்டார். நோயின் சாயல் அதில் தெரிகிறது, பெயரைக் கெடுக்கும் என்று நினைத்திருக்கலாம். வயலின் கான்செர்ட்டோவையும் வெளிவரவிடாமல் வைத்தார். அது உலகத்தின் காதுக்கு வந்தது 1937இல். கேட்டவர்களுக்குத் தெரியும், ஒளித்துவைக்க வேண்டிய இசை அல்ல அது. அப்படியென்றால் எரிந்துபோன ஐந்தும்?

தன் சொந்த இயற்றலிலும் இதே கண்டிப்பு. இருபது வயதிலேயே, பெண் இயற்ற ஆசைப்படக் கூடாது என்ற பொருள்பட நாட்குறிப்பில் எழுதியவர். 1846இல் ஜி மைனர் டிரியோ என்ற அருமையான படைப்பைத் தந்தும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கணவர் போனபின் அநேகமாக எழுதுவதை நிறுத்திவிட்டார். காலம் அப்படி, குடும்பச் சுமை அப்படி என்று சொல்லி விட்டுவிடலாம். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. மாதக்கணக்கில் தொடர் பயணம் போகிற மனத்திடம் உள்ளவருக்குத் தன் கையெழுத்தில் மட்டும் நம்பிக்கை வரவில்லை. அடுத்தவர் எழுதிக் கொடுத்த நாட்குறிப்பு நினைவுக்கு வருகிறது.

1878இல் பிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கிய ஹோக் இசைக் கல்லூரி இவரைப் பியானோ ஆசிரியராக அழைத்தது. தலைவர் ராஃப், பெண் ஆசிரியர்களைச் சேர்க்கும் எண்ணமில்லாதவர். மேடம் ஷூமானை ஆண் கணக்கில் வைத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் சொன்னாராம். பாராட்டா வசையா, நீங்களே முடிவு செய்யுங்கள். 1892 வரை அங்கே கற்பித்தார். மகள்கள் மேரியும் யூஜெனியும் மாணவர்களை முதலில் தயார் செய்வார்கள், பிறகு அம்மாவிடம் போக வேண்டும். கட்டையை அடிக்கக் கூடாது, அழுத்தி ஒலியை எடுக்க வேண்டும். கை இறுகக் கூடாது. வேகத்துக்காக வேகம் கூடாது. கிளாரா வாசித்த ஒலிப்பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாணவிகள் ஃபேனி டேவிஸ், அடெலினா டி லாரா ஆகியோரின் பதிவுகள் இருக்கின்றன. பழைய தட்டுகளின் கரகரப்பைத் தாண்டி, ஆர்ப்பாட்டமில்லாத, பாடுகிற கையை அதில் கேட்கலாம்.

கை வலி அவரை நெடுநாள் வாட்டியது; 1870களில் ஓராண்டுக்கு மேல் மேடை ஏற முடியாமல் போனதுண்டு. முதுமையில் காதும் தொந்தரவு கொடுத்தது. 1891 மார்ச் 12இல் பிராங்க்ஃபர்ட்டில் கடைசிப் பொதுக் கச்சேரி. இரண்டு பியானோக்களுக்கான பிராம்ஸின் ஹெய்டன் வேறுபாட்டுருக்கள். 1896 மே 20இல் காலமானார். பானில் ராபர்ட்டின் பக்கத்தில் அடக்கம். செய்தி கேட்டுக் கிளம்பிய பிராம்ஸ் ரயில் குழப்பத்தில் அலைந்து, ஒருவழியாக அடக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரும் இல்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். வீட்டுக்குப் போய் மூன்று உருப்படிகளைக் கேளுங்கள். முதலில் ஜி மைனர் டிரியோ, குறிப்பாக அதன் மூன்றாவது பகுதி. பிறகு வயலினுக்கான மூன்று ரொமான்ஸ்கள். கடைசியாகப் பதினாறு வயதில் வாசித்த அந்தக் கான்செர்ட்டோ. அதன் நடுப்பகுதியில் வாத்தியக் குழு முழுவதும் ஒதுங்கிக்கொள்ள, ஒரே ஒரு செல்லோ பியானோவோடு பேசும். மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரம்தான் ஆகும். கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் சண்டை போடலாம்.